‘காஸிப்’ என்ற சொல் பிறந்த இடம்



ஒரு ஞாயிறு காலை, இரண்டாம் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் நான்கைந்து பேர் கூடித் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிட்டது. “என்ன விசேஷம்?” என்று கேட்டேன். அவர்களில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல ஃபாதர், சும்மா காஸிப்” என்றாள்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாருமே இன்று புழங்குகிற சொல் இது. நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. புறணி, கோள், வம்பு, கிசுகிசு என்று வேண்டிய மட்டும் இருக்கின்றன. திருவள்ளுவர் ‘புறங்கூறாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் ‘புறங்கூறுதல்’ என்ற சொல் நாம் செய்வதை அப்படியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ‘காஸிப்’ என்றால் கொஞ்சம் நாகரிகமாகப் படுகிறது. குற்றத்தின் கனமும் குறைந்ததுபோலத் தெரிகிறது. அதனால்தான் அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

அவளிடம் அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சொல் பிறந்தது எங்கே தெரியுமா? திருமுழுக்குத் தொட்டியருகே.

பழைய ஆங்கிலத்தில் அது ‘காட்சிப்’. இரண்டு சொற்கள் சேர்ந்தது. ‘காட்’ என்றால் கடவுள் என்பது எல்லாருக்கும் தெரியும். ‘சிப்’ என்றால் உறவு, உறவினர். உடன்பிறந்தவர்களைக் குறிக்க இன்று ‘சிப்லிங்’ என்கிறோமே, அதற்குள் இருப்பதும் இதே ‘சிப்’தான். ஆக, காட்சிப் என்றால் கடவுளின் பெயரால் உறவானவர். குழந்தைக்கு ஞானத்தந்தையாகவோ ஞானத்தாயாகவோ நிற்பவர் அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு என்ன உறவு ஆகிறாரோ, அந்த உறவுக்கு வைத்த பெயர். நம் வழக்கில் சொன்னால், பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த சம்பந்தி ஒருவர். திருமுழுக்குத் தண்ணீரால் வந்த சம்பந்தி ஒருவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த நாளில் அதே பெயர்தான். நாளடைவில் நடு எழுத்து தேய்ந்து காஸிப் ஆயிற்று.

இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று எது என்று தெரிந்தபோது, மறையுரை ஆற்றுகிறவன் என்ற முறையில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அது ஒரு மறையுரை! யார்க் நகரின் பேராயர் வுல்ஃப்ஸ்டன் 1014ஆம் ஆண்டை ஒட்டி ஆற்றியது. டென்மார்க்கிலிருந்து வந்த படைகள் இங்கிலாந்தைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். மக்களின் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அவர் கதறுகிறார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்ததை, உறவினரையே அடிமையாக விற்றதை எல்லாம் சொல்லிவருகிற அந்த வரிசையில், கடவுள் பெயரால் உறவானவர்களும் ஞானப்பிள்ளைகளும் நாடெங்கும் எத்தனையோ பேர் அழிக்கப்பட்டார்களே என்று புலம்புகிறார். அந்த மக்களுக்கு ஞான உறவைக் கெடுப்பது இரத்த உறவைக் கொல்வதற்குச் சமமாக இருந்திருக்கிறது.

அந்த உறவு எவ்வளவு கனமானது என்பதற்குத் திருஅவைச் சட்டமே சாட்சி. ஞானத்தந்தை தன் ஞானமகளை மணக்கக் கூடாது என்று 530ஆம் ஆண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் சட்டம் போட்டார். 721இல் திருத்தந்தை இரண்டாம் கிரகோரி உரோமையில் கூட்டிய சங்கம், தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளை ஒருவன் மணப்பதையும் தடை செய்தது. கூடப் பிறந்தவளை மணக்க முடியாதது போல இவளையும் மணக்க முடியாது என்று எண்ணினார்கள். அந்தத் தடை காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி, இலத்தீன் திருஅவையில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போடுதான் முற்றிலும் நீங்கியது. கீழைத் திருஅவைகளின் சட்டத்தில் ஞான உறவு இன்றும் திருமணத்துக்குத் தடைதான்.

இன்று நாம் ஞானப்பெற்றோரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? யார் தங்கச் சங்கிலி போடுவார்கள், யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்! போகட்டும், அது இன்னொரு நாளைக்கு.

கடவுளின் பெயரைத் தாங்கிய ஓர் உறவுச்சொல் எப்படி வம்புக்குப் பெயராயிற்று?

அந்தக் கால இங்கிலாந்தில் பிள்ளைப்பேறு என்பது பெண்களின் காரியம். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, சன்னல்களை அடைத்துத் திரையிடுவார்கள். மருத்துவச்சி வருவாள். பிள்ளை பெறப் போகிறவள் தனக்கு வேண்டிய பெண்களின் பெயரைச் சொல்ல, கணவன் வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்து வருவான். அந்தப் பெண்களில் சிலர் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஞானத்தாயாகவும் நிற்கப் போகிறவர்கள். ஆகவே அங்கு வருகிற எல்லாப் பெண்களுக்கும் ‘காஸிப்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. அழைத்து வந்த கணவனுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. சர்க்கரையும் மணப்பொருள்களும் சேர்த்துக் காய்ச்சிய சூடான பானம் ஒன்றைத் தாய்க்குக் கொடுப்பார்கள், தாங்களும் குடிப்பார்கள். வலி மணிக்கணக்கில் நீளும்போது பேச்சும் நீளும்.

குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் திருமுழுக்கு. தாய் ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். ஆகவே குழந்தையை ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மருத்துவச்சியும் காஸிப்களும்தான். தாய் இல்லாத இடத்தில் அந்தக் குழந்தைக்காக வாய்திறந்து, “விசுவசிக்கிறேன்” என்று பதில் சொன்ன வாய் அவர்களுடையது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திரும்பி வந்து விருந்து. அந்த விருந்துக்கும் இதே பெயர்தான். ஷேக்ஸ்பியரின் ‘தவறுகளின் நகைச்சுவை’ நாடகத்தின் முடிவில், பல்லாண்டுகளுக்கு முன் கடலில் பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகளை ஒரு மடத்தின் தலைவி கண்டுபிடிக்கிறார். அவர்தான் தாய். இன்றுதான் இவர்களைப் பெற்றெடுத்தேன் என்பதுபோல எல்லாரையும் அவர் அழைப்பது காஸிப் விருந்துக்கு. நாடகம் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சொல்லில் திருமுழுக்கின் ஈரம் இன்னும் காயவில்லை.

ஆனால் அதே காலத்தில் அது சரியவும் தொடங்கியிருந்தது. கதவுக்கு வெளியே நின்ற ஆண்களுக்கு, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்ற சந்தேகம். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ? வீட்டு இரகசியமெல்லாம் வெளியே போகிறதோ? மெல்ல மெல்ல காஸிப் என்றால் ஓயாமல் பேசும் பெண் என்று ஆயிற்று. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டபோது இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் கொடுத்தார். முதலாவது, திருமுழுக்கில் குழந்தைக்காகப் பதில் சொல்பவர். இரண்டாவது, கூடச் சேர்ந்து குடிப்பவர். மூன்றாவது, பேறுகால வீட்டுப் பெண்களைப் போல ஊரெல்லாம் திரிந்து வம்பளப்பவர். ஒரு மாடிப்படியில் தவறி உருண்டு வருவதைப் பார்ப்பதுபோல இருக்கிறது அந்த மூன்று வரிகளும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆளைவிட்டுப் பேச்சுக்கே பெயராகிவிட்டது.

இது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த விபத்தல்ல. பிரெஞ்சு மொழியில் ஞானத்தாயைக் குறித்த ‘கொமேர்’ என்ற சொல் வாயாடிப் பெண்ணைக் குறிக்க இறங்கிவந்தது. அதிலிருந்து பிறந்த ‘கொமேராஜ்’ என்பதுதான் இன்று அவர்கள் வம்புப் பேச்சுக்குச் சொல்லும் சொல்.

இங்கே பெண்களுக்கு நடந்த அநீதியையும் சொல்லாமல் விட முடியாது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், வாயாடி என்று ஊரார் முடிவு செய்த பெண்ணின் தலையில் ஓர் இரும்புக் கூட்டை மாட்டித் தெருவில் நடத்திச் செல்லும் தண்டனை இருந்தது. அதில் நாக்கை அழுத்துவதற்கென்று ஒரு தகடு. அது பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் ஏறியது. பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து பைக்கில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பேசுகிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். குருக்கள் கூடும் விருந்து மேசையிலும் அமர்ந்திருக்கிறேன். அங்கே எத்தனை பேருடைய பெயர் உப்பைப்போலக் கைமாறுகிறது என்பதை ஆண்டவர் அறிவார்.

சொல் ஏன் இப்படி விழுந்தது என்று யோசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஞானத்தாய்க்கும் புறங்கூறுபவருக்கும் கையில் இருக்கிற சரக்கு ஒன்றுதான். இருவருக்கும் அந்த வீடு தெரியும். அவள் வலியில் என்ன சொல்லி அழுதாள், அடுப்பில் அரிசி இருந்ததா, கணவன் வந்து எட்டிப்பார்த்தானா, எல்லாம் தெரியும். முன்பின் தெரியாதவனால் நம்மைப் பற்றிப் பொய் சொல்லத்தான் முடியும். நம் வீட்டு உண்மையை வெளியே கொண்டுபோக, நாம் நம்பி உள்ளே விட்டவரால்தான் முடியும்.

உண்மை என்று சொன்னேன். வம்பு பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து ஒதுங்கும் நிழல் அதுதான்: “நான் பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்!” பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன். எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில், 2477ஆம் எண்ணில், திருஅவையின் மறைக்கல்வி ஏடு இதை நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒரு பாவம். தகுந்த காரணமில்லாமல், ஒருவருடைய உண்மையான குறையை அதை அறியாதவர்களிடம் வெளியிடுவது இன்னொரு பாவம். போதிய ஆதாரமில்லாமல் மனத்துக்குள்ளேயே தீர்ப்பிட்டுவிடுவது மூன்றாவது. சொன்னது மெய் என்பதால் இரண்டாவது குற்றம் கழுவப்படுவதில்லை. அதோடு, கெடுத்த நற்பெயரை ஈடுசெய்யும் கடமையும் நமக்கு உண்டு என்கிறது அதே ஏடு. கோழி இறகைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டுத் திரும்பப் பொறுக்கி வரச் சொன்ன புனிதர் கதை உங்களுக்குத் தெரியும். பல முறை கேட்டிருப்பீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

தகுந்த காரணம் இருந்தால் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பது தெரிந்தும், ‘எனக்கேன் ஊர்வம்பு’ என்று வாயை மூடிக்கொள்வது புண்ணியமல்ல. உரியவரிடம் போய்ச் சொல்லியே ஆக வேண்டும். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வழியும் காட்டியிருக்கிறார். உன் சகோதரர் தவறு செய்தால் முதலில் நீயும் அவரும் தனியே இருக்கும்போது அவரிடமே சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ. அப்போதும் கேட்காவிட்டால்தான் திருச்சபைக்குச் சொல். நாம் என்ன செய்கிறோம்? முதலில் வாட்ஸ்அப் குழுவுக்கு, பிறகு ஒன்றிரண்டு பேருக்கு, அவரிடம் மட்டும் கடைசிவரை இல்லை. 2020 செப்டம்பர் 6ஆம் நாள், இந்த நற்செய்திப் பகுதியை விளக்கும்போதுதான், புறங்கூறுதல் கோவிட்டைவிடக் கொடிய கொள்ளைநோய் என்றார் திருத்தந்தை பிரான்சிஸ். உலகமே முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

இனி, எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். இதை வானொலியில் சொல்ல அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் இருந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகி, இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர். அடுத்த நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வந்து, மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டேன். பெண் ஆறு மாதம் ஊரில் இல்லையாமே, எங்கே போயிருந்தாள், எதற்குப் போயிருந்தாள் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட தொனியிலேயே, எதை நினைத்துக் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

அந்தப் பெண் ஆறு மாதம் அத்தை வீட்டில் தங்கிக் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டாள். முழுமையாகக் குணமாகித் திரும்பினாள். அது அவள் வீட்டாருக்கும், அவளுக்கு நற்கருணை கொடுத்து வந்த எனக்கும் மட்டுமே தெரியும். அப்படியானால் வெளியே போனது எப்படி? ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்துக்கொண்டு வந்தபோது, நூலின் நுனி என் கையில்தான் இருந்தது. பங்குத் திருவிழாவன்று சாப்பாட்டு மேசையில், “பாவம், அந்தப் பிள்ளை ஆறு மாசம் வெளியூர்ல கிடந்து கஷ்டப்பட்டு வந்திருக்கு, அதுக்காக வேண்டிக்குங்க” என்று இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். நோய் என்ன என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தை ஊர் தன் விருப்பம்போல நிரப்பிக்கொண்டது. இரக்கப்பட்டுச் சொன்னதுதான். செபிக்கக் கேட்டதுதான். நம்மில் எத்தனை வம்பு ‘செபியுங்கள்’ என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறது!

நான் என்ன செய்வது என்று தயங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில், அந்தப் பெண்ணின் ஞானத்தாய் காரியத்தில் இறங்கிவிட்டார். தெருமுனையில் இட்லி விற்றுப் பிழைப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. பெண்ணிடம், “நான் போய்ப் பேசட்டுமா, எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம், நீயே சொல்லு” என்று கேட்டிருக்கிறார். அவள் சரி என்ற பிறகு மருத்துவச் சீட்டை வாங்கிக்கொண்டு, பேருந்து ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றே சொன்னாராம்: “இந்தப் புள்ளைக்கு நான் ஞானத்தாய். இவளப் பத்தி யாருக்கு என்ன கேக்கணுமோ என்னக் கேளுங்க. ஊர்ல கேக்காதீங்க.”

திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “சாமி, ஞானஸ்நானம் அன்னிக்கு ‘பெத்தவங்களுக்குத் துணையா இருப்பீங்களா’ன்னு உங்கள மாதிரி ஒரு சாமிதான் எங்கிட்ட கேட்டாரு. நான் ‘இருப்பேன்’னு சொன்னேன். நீங்கள்லாம் கேக்க மட்டும்தானா சாமி?”

அன்றிரவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பேச்சு என்னிடமிருந்துதான் கிளம்பியது என்று சொன்னேன். மேசையில் என்னோடிருந்த இருவரிடமும் போய்ச் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. “நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க ஃபாதர். ஆனா அது என் கதை. அதைச் சொல்றதா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?” என்றாள். நான் கற்ற ஒழுக்க இறையியல் புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறி, திருமணத்தை நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். பெண் வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவளுக்கு வேறிடத்தில் திருமணம் ஆயிற்று. நான் அப்போது வேறு பங்குக்கு மாறியிருந்தேன். அழைப்பிதழ் வந்தது, போனேன். சென்ற ஆண்டு மறுபடியும் ஓர் அழைப்பு. அவளுடைய அண்ணன் குழந்தைக்குத் திருமுழுக்கு, அவள்தான் ஞானத்தாய், என்னையே கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். திருமுழுக்குச் சடங்கில் ‘எப்பத்தா’ என்று ஒரு பகுதி உண்டு. காது கேளாதவரையும் வாய் பேசாதவரையும் ஆண்டவர் குணமாக்கியதை நினைவுகூர்ந்து, குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பார். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் காதைத் தொட்டுவிட்டு வாய்க்கு விரலைக் கொண்டுபோனபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பின்வரிசையில் இட்லிக்கார அம்மாவும் உட்கார்ந்திருந்தார்.